போட்ராப் டெட்ராயேடர்: எஃகு நான்முகியில் ஏறி இறங்குவது எப்படி

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் இருக்கும் போட்ராப் நகரை நெருங்கும்போதே டெட்ராயேடர் கண்ணில் பட்டுவிடும். ஆனால் அதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது பாதிப் பயணம்தான். அது ஏறுவதற்காகவே கட்டப்பட்டது. பக்கத்துக்கு 60 மீட்டர் நீளமுள்ள இந்த எஃகுக் குழாய் நான்முகியை (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் வோல்ஃப்காங் கிறிஸ்ட். நிலக்கரியும் எஃகும் விட்டுச்சென்ற எம்ஷர் ஆற்றுப் பகுதியைச் சீரமைக்க 1989 முதல் 1999 வரை நடந்த பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சித் திட்டத்தின் பகுதியாக, 1995இல் இது திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

வானம் தெளிந்து காற்று அடங்கிய நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பலத்த காற்று, இடி மின்னல், உறைபனி ஆகியவை இருக்கும்போது ஏறக் கூடாது. தடுப்பு போடப்பட்டிருந்தால் மறுபேச்சின்றித் திரும்பிவிட வேண்டும். படிகளும் தளங்களும் துளையுள்ள எஃகுத் தட்டுகளால் ஆனவை என்பதால், குதிகால் உயர்ந்த செருப்பு உதவாது. சாவியையும் சில்லறையையும் பையில் போட்டு மூடிவிடுங்கள். நழுவினால் அவை தட்டின் இடுக்கு வழியாக நேரே தரைக்குப் போய்விடும்.

முதலில் ஏற வேண்டியது டெட்ராயேடர் அல்ல, அது நிற்கும் குன்று. இயற்கையான மலைபோலத் தோன்றினாலும், சுரங்கத்திலிருந்து நிலக்கரியோடு வெளிவந்த வேண்டாத பாறையை ஆண்டுக்கணக்கில் கொட்டியதால் எழுந்த மேடு அது. சுற்றி வளைந்து செல்லும் சாய்வுப் பாதையும் உண்டு, 387 படிகளும் உண்டு. முழங்கால் ஒத்துழைத்தால் போகும்போது படிகளையும் வரும்போது சாய்வுப் பாதையையும் எடுத்துக்கொள்ளலாம். புல்லும் மரங்களும் மறைத்த சரிவைத் தாண்டி மொட்டையான உச்சியில் கால் வைத்ததும், காலடியில் கருஞ்சாம்பல் நிறப் பாறைச் சில்லுகள் நொறுங்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அது தரைக்கு வெகு ஆழத்தில் கிடந்த கல்.

டெட்ராயேடருக்குள் 18, 32, 38 மீட்டர் உயரங்களில் மூன்று தளங்கள் இருக்கின்றன. அவை எஃகு வடங்களில் தொங்குவதால், நாலு பேர் நடந்தாலே மெல்ல ஆடும். இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. ஆனால் இதை முன்பே தெரிந்துகொண்டு போகாதவர்கள்தான் முதல் தளத்திலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். அங்கே இரண்டு மூன்று நிமிடங்கள் கைப்பிடியைப் பற்றியபடி நின்று, ஆட்டத்துக்கு உடம்பு பழகிய பிறகு மேலே செல்லுங்கள். உயரம் என்றால் நடுங்குபவர்கள் இரு காலணிகளுக்கும் இடையே தெரியும் தரையைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்தபடி ஏறினால் பாதிப் பயம் குறையும். எதிரே இறங்கி வருபவர்களுக்குத் தளத்தில் நின்று வழிவிடுவதே வசதி, படியில் அல்ல. மூன்றாவது தளம் சாய்ந்த வளையமாக இருப்பதால், ஆட்டத்தோடு சரிவும் சேர்ந்து சமநிலையைச் சோதிக்கும். குழந்தைகளின் கையை இங்கே விடவே கூடாது. இரண்டாவது தளத்தோடு திரும்பினாலும் குறையொன்றும் இல்லை. காட்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது தளம் தருவது முக்கியமாக அந்தத் தள்ளாட்டத்தைத்தான்.

மேலிருந்து பார்க்கும்போது வெண்ணீராவி எழும் இடத்தைத் தேடுங்கள். நிலக்கரியைச் சுட்டு எஃகு உலைகளுக்கான கோக் கரி செய்யும், அருகிலுள்ள ஆலை அது. பிறகு ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய எரிவாயுக் கலன், எசன் நகரக் கட்டடங்கள், கெல்சன்கிர்ஷன் கால்பந்து அரங்கம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். பக்கத்துக் கழிவுக் குன்றின் சரிவில் நீண்டு கிடப்பது உள்ளரங்கப் பனிச்சறுக்குக் கூடம். நிலக்கரிக் கழிவின் மேல் செயற்கைப் பனியைக் கொட்டலாம் என்று யாருக்குத் தோன்றியதோ! ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கமான ப்ரோஸ்பர் ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டதும் இதே போட்ராப் நகரில்தான். டெட்ராயேடர் திறந்து 23 ஆண்டுகள் வரை கீழே நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ஊரின் கூரைகள் வேறு மாதிரித் தெரியும்.

முதல்முறை வருபவர்கள் இருட்டுவதற்குள் கீழிறங்கிவிடுவது நல்லது. இறங்கியவுடன் புறப்பட்டுவிடாமல் குன்றின் அடிவாரத்தில் சற்றுக் காத்திருங்கள். இருள் கூடக்கூட எஃகுக் குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்து, உச்சியில் யூர்கன் லிட் ஃபிஷர் என்ற கலைஞர் அமைத்த ஒளிக்கோடுகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் வானில் நிற்பதைப் பார்க்கலாம்.