தேசியக் காட்டில் வண்டி ஓட்டும் முன் இலவச வரைபடம்

அமெரிக்காவின் தேசியக் காடுகளில் ஜீப், ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி), டர்ட் பைக் (மண்பாதைக்கான மோட்டார் சைக்கிள்) எதை ஓட்டுவதானாலும், கிளம்பும் முன் அந்தக் காட்டுக்கான மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை இதை இலவசமாகவே தருகிறது. முன்பே சேமித்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம்.

2005ஆம் ஆண்டில் வந்த விதியின்படி, இந்த வரைபடத்தில் இல்லாத காட்டுப் பாதையில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. தடைப் பலகை இல்லை என்பதோ, பழைய சக்கரத் தடம் தெரிகிறது என்பதோ அபராதத்திலிருந்து காப்பாற்றாது. எந்த வகை வண்டி, ஆண்டின் எந்தத் தேதிகளில் போகலாம் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அகலத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. 50 அங்குலம் வரை அகலமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதியுள்ள பாதைகள் உண்டு. இருவர் அருகருகே அமரும் வண்டிகளில் பல அதைவிட அகலமானவை. டிரெய்லரில் ஏற்றும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள், வீண் பயணம் மிச்சம்.

காட்டின் எல்லைக்குள்ளேயே தனியார் நிலங்களும் இருக்கும். அங்கே இந்த வரைபடம் எந்த உரிமையும் தராது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மாநிலக் காடுகளுக்கும் பிற அரசு நிலங்களுக்கும் விதிகள் வேறு. பனியில் ஓடும் வண்டிகளுக்குத் தனி வரைபடம். காட்டுத்தீ, வெள்ளம் காரணமாகத் திடீரென மூடப்படும் பாதைகள் இதில் தெரியாது என்பதால், புறப்படும் நாளில் வட்டார வன அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.