மனத்துக்கும் உடலுக்கும் ஒரு பாத்தி மண்

செங்கோட்டைப் பகுதியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்கள் தோட்டவேலையைத் தொடங்க ஏற்றவை. மண் நெகிழ்ந்திருப்பதால் முதுகு நோகாமல் கொத்தலாம். காலையில் அரை மணி நேரம் போதும். நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தம் தரும் பணிக்குப் பின் 30 நிமிடம் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு, அதே நேரம் உள்ளே அமர்ந்து வாசித்தவர்களைவிடக் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் கூடுதலாகக் குறைந்தது.

முதலில் தண்டுக்கீரை விதையுங்கள். கடுகினும் சிறிய அவ்விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்த்திப் பூவாளியால் நனைத்து வந்தால், சில நாட்களில் செந்நிற முளைகள் மண்ணை நெம்பிக்கொண்டு எழும். அவற்றைக் குனிந்து பார்க்கும்போது நெஞ்சின் பாரம் இறங்குவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் முக்காலியில் அமர்ந்து களையெடுக்கலாம். கையில் புண் இருந்தால் உறை அணியுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் அவசியம்.