ஒரே ஜன்னல், முப்பது நாள்: வீட்டுக்குள்ளேயே படம் எடுக்கப் பழகுவது எப்படி?

எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் கேமராவை அலமாரியில் பூட்டிவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்தவன் நான். மலைக்கோ கடலுக்கோ போனால்தான் படம் கிடைக்கும் என்ற நினைப்பு. அப்புறம் ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தபோது, எதிரே இருந்த ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காலை ஒன்பதரைக்குச் சுவரில் கோணலாக ஒரு கட்டம் வெயில் விழும். பதினொரு மணிக்குள் அது மெல்ல இறங்கி நாற்காலியின் கால்வரை வந்துவிடும். மூன்றாம் நாள் அந்தக் கட்டத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். எழுந்து நடமாட முடிந்ததும் அலமாரியைத் திறந்தேன்.

ஜன்னலைப் படம் எடுப்பது ஏதோ வேலையற்றவன் வேலை என்று நினைக்க வேண்டாம். கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம், 1826 அல்லது 1827-இல் நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததுதான். மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ், 1835-இல் டால்பட் என்ற ஆங்கிலேயர் எடுத்தது, அதிலும் ஜன்னல்தான். எனக்குப் பிடித்தவர் யோசெஃப் சுதேக் என்ற செக் நாட்டுப் புகைப்படக்காரர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை பிராக் நகரத்தில் தன் ஸ்டூடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் நீராவி, அதற்கப்பால் வளைந்து நெளிந்த ஒரு மரம், அவ்வளவுதான். பதினான்கு வருஷம்! நான் உங்களிடம் கேட்பது முப்பது நாள்.

முதலில்: இரண்டு நாள் கேமராவைத் தொடாதீர்கள்

வீட்டில் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அதன் பக்கத்தில் உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தால் அது நேர் வெயில். நிழலின் ஓரம் மங்கிக் கரைந்தால் அது மென்மையான வெளிச்சம், பழகுவதற்கு அதுதான் நல்லது. பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு வடக்குப் பார்த்த ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் வராது. தென்பாதியில் இருந்தால் தெற்கு ஜன்னல். எந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கை அணையுங்கள்

அறையில் எரியும் எல்லா விளக்கையும். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்ப் வெளிச்சம் வேறு நிறம். இரண்டும் கலந்தால் பாதி நீலமும் பாதி மஞ்சளுமாக வரும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரி செய்ய முடியாது. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே வர கேமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் 5500 அளவில்) வைத்துவிடுங்கள்.

ஒரு முட்டையை வையுங்கள்

முதல் வாரம் முழுக்க ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் ஒரு முட்டை. சிரிக்காதீர்கள். வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே நிழலாகிறது என்பதை முட்டைபோலக் காட்டும் பொருள் வேறில்லை. ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். முட்டையை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்து ஒரு படம், அறையின் நடுவில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கிட்டே இருக்கும்போது பின்னணி இருட்டுக்குள் போய்விடும், முட்டை மட்டும் தெரியும். நடு அறையில் முட்டைக்கும் பின்சுவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம், படம் தட்டையாகிவிடும்.

வெள்ளை ஏன் சாம்பலாக வருகிறது?

இங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வெள்ளைத் தாளில் வெள்ளை முட்டையை எடுத்தால் படம் அழுக்குச் சாம்பலாக வரும். கேமராவில் குறை ஒன்றும் இல்லை. எதைப் பார்த்தாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல்தான் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிற கருவி அதற்குள் இருக்கிறது. வெள்ளையைக் காட்டினால் "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். கறுப்புத் துணியைக் காட்டினால் கூட்டிவிடும். ஆகவே வெள்ளைக்கு நாம்தான் கூட்ட வேண்டும். ஏ மோடில் (சில கேமராக்களில் ஏ.வி.; லென்ஸின் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) வைத்து எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பை, +1-இலிருந்து +1.7 வரை நகர்த்திப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுத்தான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் எம் மோடில் (மேனுவல்; ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் திறப்பையும் நாமே வைக்கும் முறை) எடுப்பவன்தான் போட்டோகிராபர் என்று எங்கோ கேட்டதை நம்பி, எம் மோடில் வைத்தேன். வெளிச்சம் உள்ளே வரும் நேரம் கூடட்டும் என்று ஷட்டரை 1/125 விநாடியிலிருந்து 1/60-க்கு இறக்கினேன். படம் வெளுக்கவில்லை. 1/30. அப்போதும் அதே சாம்பல். கேமரா பழுதாகிவிட்டது என்றே முடிவு கட்டி, பழுது பார்க்கக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். ஒரு ராத்திரி மூன்று படங்களின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஐ.எஸ்.ஓ. (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) 800, 400, 200. நான் ஒருபக்கம் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. மறுபக்கம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எம் மோடில் போட்டால் எல்லாம் நம் கையில் என்று நினைத்தது என் தப்பு. எம் மோடு வேண்டுமென்றால் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை அணைத்துவிட்டு 400 அல்லது 800 என்று ஒரு எண்ணில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஏ மோடே போதும். நான் இன்றும் பெரும்பாலும் ஏ மோடில்தான் எடுக்கிறேன், வெட்கமில்லை.

கை நடுங்கினால் கேமராவை ஒரு புத்தக அடுக்கின் மேல் வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பு அட்டை

நிழல் பக்கத்தில் வெள்ளை அட்டை வைத்து வெளிச்சத்தைத் திருப்பிவிடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். செய்து பாருங்கள், தப்பில்லை. எனக்குக் கறுப்பு அட்டைதான் பிடிக்கும். அதை நிழல் பக்கத்தில் நிறுத்தினால் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அடைபட்டு நிழல் இன்னும் ஆழமாகும், முட்டை உருண்டையாக எழுந்து நிற்கும். காசு கொடுத்து மடக்கு ரிஃப்ளெக்டர் வாங்காதீர்கள். என்னுடையது கதவுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடக்கிறது.

மறுநாள் பாருங்கள்

முட்டை அலுத்ததும் சாவிக்கொத்து, செருப்பு, தூங்குகிற பூனை, அம்மாவின் கை என்று போகலாம். ஜன்னலை மட்டும் மாற்றாதீர்கள். எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள். எடுத்த சூட்டில் நமக்கு எல்லாமே அருமையாகத் தெரியும், இல்லையென்றால் எல்லாமே குப்பையாகத் தெரியும். மறுநாள் காலையில் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, தேதியைப் பெயராக வைத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். திருத்துவதற்குக் கணினியில் டார்க்டேபிள், போனில் ஸ்னாப்சீட், இரண்டும் இலவசம். ஃபில்டர் பக்கம் போகாதீர்கள், கூடிய சீக்கிரம் எல்லாப் படமும் ஒரே முகமாகிவிடும்.

பின்னால் சேர்த்தது

போனில் இதை எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்டார்கள். முட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலே இழுங்கள். ஆண்ட்ராய்டில் ஓபன் கேமரா என்ற இலவசச் செயலியில் இன்னும் வசதி.

படத்தில் வரி வரியாகக் கறுப்புப் பட்டை விழுகிறது என்று ஒருவர். இரவில் எல்.இ.டி. விளக்கில் எடுத்திருக்கிறார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை போய்விடும். ஆனால் நான் சொன்னது ஜன்னல் வெளிச்சம், ஐயா.

இன்னொருவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே செங்கல் சுவர் மட்டும்தான், முட்டை முழுக்கச் சிவப்புப் படிகிறதாம். வெள்ளைத் தாளைப் படமெடுத்து அதை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் செய்யச் சொன்னேன். செய்து, முன்னே பின்னே இரண்டு படத்தையும் அனுப்பினார். சிவப்புப் படிந்ததுதான் நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.