தண்டையார்பேட்டையிலிருந்து அமெரிக்கச் சாலைக்கு: முதல் நாள் கார் ஓட்டுவது எப்படி?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது வருடம் ஓட்டியவன் நான். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோது நெரிசலில் தடுமாறவில்லை. யாருமே இல்லாத சாலையில்தான் தடுமாறினேன். விடியற்காலை, பெட்ரோல் பங்க்கை விட்டு வெளியே வந்ததும் கை பழக்கத்தில் இடது பக்கத்துக்குப் போய்விட்டது. "அப்பா, வலது பக்கம்!" என்று மகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. முன்னால் வண்டிகள் போனால் அவற்றின் பின்னால் போய்விடுவோம். வெறும் சாலையில் வழிகாட்ட யாரும் இல்லை.

1. ஊரிலேயே பர்மிட்

உங்கள் முகவரிக்குரிய ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட், விசா நகல்கள் வேண்டும். ஓராண்டுக்குச் செல்லும். நம் ஊர் லைசென்ஸ் அசலும் கையில் இருக்க வேண்டும். வண்டி ஓட்டும் விதி அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; போகிற மாநிலத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

2. பார்க்கிங்கில் அரை மணி நேரம்

ஆட்டோமேட்டிக் வண்டியே எடுங்கள். இன்டிகேட்டர் இடக்கைப் பக்கம் இருக்கும். நம் கை வலப்பக்கம் போய் வைப்பரை ஓடவிடும். நின்றபடியே பத்து முறை போட்டுப் பழகுங்கள். இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது வண்டி வலது ஓரத்துக்குச் சாய்வது சகஜம். வலது கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். வேகப் பலகை மைலில் இருக்கும்: 40 என்றால் கிட்டத்தட்ட 64 கிலோமீட்டர்.

3. திரும்பும்போது

ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்: இருவழிச் சாலையில் ஓட்டுபவர் எப்போதும் நடுக்கோட்டை ஒட்டி இருப்பார். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் இதை வாய்விட்டே சொல்லுங்கள். நான் சொன்னேன், வேலை செய்தது. நம் சென்னை மின்ட் சந்திப்பில் இடது திரும்புவது சுலபம். வலது திரும்பத்தான் எதிர்வண்டியைப் பார்த்துக் காத்திருப்போம். அங்கே தலைகீழ். இடது திரும்புவதுதான் கவனம் கேட்கும்.

4. நிற்பது

எண்கோண சிவப்பு 'ஸ்டாப்' பலகை இருந்தால், ஆளே இல்லையென்றாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். நான்கு பக்கமும் அந்தப் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள், இதில் அவசரமே கூடாது.

அப்புறம், ஊர் திரும்பிய முதல் இரண்டு நாள் தெருமுனை ஒவ்வொன்றிலும் அதே வாக்கியத்தைச் சொல்லியே ஓட்டுங்கள். கை அதற்குள் அந்த ஊர்ப் பழக்கத்துக்கு வந்திருக்கும்.