தலையில் மாட்டும் டார்ச்: லூமன் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழுது பார்க்கவும் அவசரத்துக்கும் கையில் பிடிக்காத டார்ச் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அட்டையில் பெரிதாக அச்சடித்த லூமன், அதாவது வெளிச்ச அளவு, எண்ணைத்தான். முதல் தவறே அங்கேதான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற 50 முதல் 150 லூமன் தாராளம். 1000 லூமனை அதே இடத்தில் அடித்தால், பளபளக்கும் குழாயில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும். பார்க்க வேண்டிய மரை தெரியாது. எவ்வளவு கூட்டலாம் என்பதைவிட எவ்வளவு குறைக்கலாம் என்று கேளுங்கள். 10 லூமனுக்கும் குறைவான நிலை இருந்தால், நீண்ட மின்தடையில் பேட்டரி வெகுநேரம் தாங்கும்.

அடுத்தது ஒளி விழும் விதம். தூரத்துக்குப் பாயும் குறுகிய ஒளி, பக்கத்தில் நடுவே வெள்ளை வட்டத்தையும் சுற்றிலும் இருட்டையும்தான் தரும். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று அடித்துப் பாருங்கள். ஓரம்வரை ஒரே சீராகப் பரவினால் அது வேலைக்கு ஆகும்.

"40 மணி நேரம் எரியும்" என்ற வாக்கியத்தை அப்படியே நம்பக் கூடாது. எஃப்.எல்.1 என்ற தரமுறைப்படி வெளிச்சத்தை அளப்பது, டார்ச்சைப் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். எரியும் நேரம் என்பதோ, அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. 300 லூமன் என்று விற்கும் டார்ச் கடைசி மணி நேரத்தில் 30 லூமன் தந்தாலும் கணக்கு சரிதான். நேரத்தோடு வெளிச்சம் இறங்குவதை வரைபடமாகக் காட்டும் தயாரிப்பாளர்தான் நேர்மையானவர்.

மின்வேலை செய்பவர்கள் சி.ஆர்.ஐ. எண்ணைத் தவறவிடுகிறார்கள். இது நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு. குறைவாக இருந்தால் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரியலாம். 90-க்கு மேல் இருப்பதை எடுங்கள். சில டார்ச்சுகளில் கூடவே வரும் சிவப்பு விளக்கு, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காமல் இருக்க மட்டுமே. அந்த ஒளியில் சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆனால் அவசர நேரத்தில் காலை வாருவது பெரும்பாலும் பேட்டரிதான். ஆல்கலைன் பேட்டரியைப் போட்டபடியே அலமாரியில் வைத்தால், ஒழுகி முனைகளை அரித்துவிடும். பழையதும் புதியதும் கலந்து போட்டால் ஒழுகும் வாய்ப்பு இன்னும் கூடும். எடுத்து வைத்துக் காத்திருக்கும் டார்ச்சுக்கு, சார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி நல்லது. பத்து வருடம் கிடந்தாலும் சக்தி இருக்கும், ஒழுகுவது அபூர்வம். அந்த டார்ச் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 14500 என்று எழுதிய லித்தியம்-அயன் பேட்டரியும் பார்க்க டபுள் ஏ அளவுதான், ஆனால் 3.7 வோல்ட், சாதாரண டபுள் ஏ டார்ச்சில் போட்டால் சர்க்யூட் கருகிவிடக்கூடும்.

உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய டார்ச்சை மட்டும் நம்பினால், கரண்ட் இல்லாத இரண்டாம் நாள் அது வெறும் கட்டை. சார்ஜ் பேட்டரி, சாதாரண பேட்டரி இரண்டையும் ஏற்கும் மாடலே பத்திரம். சில மலிவான டார்ச்சுகள் இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. போர்ட்டில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர்களை மிச்சம்பிடித்திருப்பார்கள். வாங்கிய அன்றே சோதியுங்கள். எலக்ட்ரானிக் சுவிட்ச் அணைத்திருந்தாலும் துளித்துளியாகச் சக்தியைக் குடிக்கும். பையில் அழுந்தித் தானாகவும் எரியும். மூடியை அரைச் சுற்று தளர்த்தினாலோ, லாக் வசதியைப் போட்டாலோ தானாக எரியாது.

அடிப்பகுதியில் காந்தம் உள்ள விளக்கு அலுமினியத்திலும் பல வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டாது. எங்கே ஒட்டப்போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். சூடான எஞ்சினில் ஒட்டி வைப்பது உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரிக்கு ஆபத்து. எடை 150 கிராமைத் தாண்டினால் உச்சந்தலைப் பட்டை தேவை. இல்லாவிட்டால் குனியும்போதெல்லாம் நெற்றியிலிருந்து வழுக்கும். எதிரே ஆளை வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்குக் கழுத்தில் மாட்டும் விளக்கு ஏற்றது. நிமிர்ந்து பேசினாலும் அவர் கண்ணில் அடிக்காது.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஐ.பி.எக்ஸ். எண்ணில், மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும். தண்ணீர் தேங்கிய இடத்துக்கு ஐ.பி.எக்ஸ்.7 வேண்டும், அது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் கேஸ் கசியும் வாடை வந்தால் எந்தச் சாதாரண டார்ச்சையும் அங்கே போடவோ அணைக்கவோ வேண்டாம். சுவிட்சின் பொறி போதும் தீப்பற்ற. வெடிப்பு ஆபத்துள்ள இடத்துக்கென்றே சான்று பெற்ற விளக்குகள் தனி.