பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் டேஷ்போர்டு பெசலை உடைக்காமல் மாற்றுவது எப்படி

மீட்டர், ரேடியோ, ஏசி வென்ட், ஹெட்லைட் ஸ்விட்ச், ஃபோர் வீல் ஸ்விட்ச் எல்லாவற்றையும் சுற்றி ஒரே துண்டாக ஓடுகிற பிளாஸ்டிக் சட்டம்தான் பெசல். பிக்கப் டிரக்குகளில் இது ஒரு கை நீளத்துக்கு மேல் இருக்கும், ஆனால் பல இடங்களில் அகலம் ஒரு விரல்தான். ரேடியோவுக்கும் மீட்டருக்கும் நடுவில், வென்ட்டின் மூலையில், ஸ்விட்ச் ஓட்டைக்குக் கீழே, இந்த மெல்லிய இடங்களில்தான் முதலில் கீறல் விடும். புதுசு வாங்கி வைத்துவிட்டு, மாட்டும்போது அதையும் உடைத்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் உடைகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலான பெசல்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்குள் மிக நுண்ணிய ரப்பர் துகள்கள் கலந்திருக்கும், வளைந்தாலும் உடையாமல் தாங்குவது அந்த ரப்பரால்தான். கண்ணாடி வழியாக வருஷக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். பார்வைக்கு அப்படியே இருக்கும், நிறம் லேசாக வெளுத்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மேல் அடுக்கு விறைத்துப் போயிருக்கும், ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் அது அப்படியே உள்ளே ஓடும். குளிரில் இன்னும் மோசம். ஆக, எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்தச் சூட்டில் இழுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

வேலையைத் தொடங்கும் முன் புதுப் பெசல் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஒரே மாடல், ஒரே வருஷம் என்றாலும் ஓட்டைகள் மாறும். டேஷ்போர்டில் ஃபோர் வீல் ஸ்விட்ச் உள்ள வண்டிக்கு ஒரு பெசல், தரையில் லீவர் உள்ள வண்டிக்கு வேறு பெசல். ஒரே வரிசை இருக்கை உள்ள சில சிங்கிள் கேப் வண்டிகளில் பயணி பக்க ஏர்பேக்கை அணைக்கும் சாவித் துளைகூட இதில் இருக்கும். வலப்பக்க ஸ்டீரிங், இடப்பக்க ஸ்டீரிங் என்று கேட்டு வாங்க வேண்டும். பார்ட் நம்பர் பெரும்பாலும் பின்பக்கம் அச்சாகி இருக்கும், ஆனால் கழற்றினால்தான் தெரியும். அதனால் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து ஓட்டை ஓட்டையாக ஒப்பிடுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குவதானால், அதுவும் இதே மாதிரி வெயில் தின்றதுதான் என்பதை மறக்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, கிளிப் உட்காரும் ஒவ்வொரு நாக்கின் அடியிலும் முடி மாதிரிக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பிளாஸ்டிக் டிரிம் டூல் (டேஷ்போர்டு துண்டுகளை நெம்பி எடுக்கும் தட்டையான கருவி) இரண்டு மூன்று, மாஸ்கிங் டேப், சின்ன ராட்செட், உங்கள் வண்டிக்குரிய சாக்கெட் அல்லது ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மூக்கு நீண்ட கொறடு, ஒரு ஹேர் டிரையர், ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு டப்பா. இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே வேண்டாம், அது டேஷ்போர்டில் பள்ளம் போட்டுவிடும். பவர் டிரில்லும் வேண்டாம்.

அடுத்து வண்டியை நிறுத்துவது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. கியர் பாக்ஸிலிருந்து வரும் பலத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. நீங்கள் பார்க்கிங் கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். தரை லீவர் உள்ள வண்டியில் குனிந்து வேலை பார்க்கும்போது முழங்கை பட்டு லீவர் நகர்ந்துவிடக்கூட வாய்ப்பு இருக்கிறது. அதனால் சமதரையில் நிறுத்தி, டூ ஹையில், அதாவது இரண்டு சக்கரம் மட்டும் ஓட்டும் சாதாரண நிலையில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள். கட்டை கொடுக்காமல் மேலே படிக்க வேண்டாம்.

ஸ்டீரிங் கம்பத்தில் கியர் லீவர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியானால் பெசல் வெளியே வர அந்த லீவர் வழிவிட வேண்டும். சாவியை ஆன் செய்து, பிரேக்கை மிதித்து, லீவரைக் கடைசிக் கியர்வரை கீழே இறக்குங்கள், ஸ்டீரிங்கை ஏற்றி இறக்கும் டில்ட் வசதி இருந்தால் அதையும் முழுசாக இறக்குங்கள். பிறகு சாவியை ஆஃபுக்குத் திருப்பலாம், வெளியே எடுக்க வராது, பரவாயில்லை. இப்போது வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் மட்டுமே என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். முன்னாலேயே கழற்றிவிட்டால் பல வண்டிகளில் கியர் லாக் விடாது. பேட்டரி மாட்டியதும் ரேடியோ ரகசிய எண் கேட்கும் வண்டியானால் அந்த எண்ணை முதலிலேயே எடுத்து வையுங்கள். டெர்மினலைக் கழற்றியதும் உடனே உள்ளே கை விடாதீர்கள். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டியில் சேமித்து வைத்த மின்சாரம் கொஞ்ச நேரம் இருக்கும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஒர்க்‌ஷாப் மேனுவலில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஏர்பேக் வயர்களின் கனெக்டர் பொதுவாக மஞ்சள் நிறம். பெசல் மாற்றுவதற்கு அவற்றைத் தொடவே தேவையில்லை, பயணி ஏர்பேக் ஸ்விட்ச் பெசலிலேயே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. இன்னொன்று, சாவி ஆனில் இருக்கும்போது ஃபோர் வீல் ஸ்விட்ச்சின் கனெக்டரைப் பிடுங்கினால் சில வண்டிகள் அதைக் கோளாறு என்று பதிந்து வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். பேட்டரியைக் கழற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது பெசலுக்கு வருவோம். பழையதுதான் உடைந்துவிட்டதே, பிய்த்துப் போட்டால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிளிப் எங்கெங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் கொக்கி, எந்த மூலை கடைசியில் விடுகிறது என்பதையெல்லாம் பழையதைக் கழற்றும்போதுதான் கை கற்றுக்கொள்ளும். பழையதை நிதானமாக எடுத்தவருக்குப் புதுசு உடையாது. தவிர, பிய்த்தால் துண்டுகள் ஏசி வென்ட் குழாய்க்குள் விழுந்து, பிறகு காலத்துக்கும் கடகடவென்று சத்தம் போடும்.

முதலில் ஸ்க்ரூக்களைத் தேடுங்கள். மீட்டருக்கு மேலே உள்ள குடை போன்ற பகுதியின் உள்பக்கம், வென்ட்டுகளுக்குப் பின்னால், சிகரெட் லைட்டருக்குக் கீழே என்று ஒளிந்திருக்கும். ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கும்போது இழுத்தால் அந்த இடத்தில் நிச்சயம் உடையும், ஆகவே ஒரு பக்கம் வர மறுத்தால் முதல் சந்தேகம் ஸ்க்ரூமேல்தான் இருக்க வேண்டும். சில வண்டிகளில் ஒரு ஸ்க்ரூகூட இருக்காது, எல்லாமே கிளிப்தான்.

அப்புறம் சூடு. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், பொறுக்க முடியாத சூடு கூடாது. ஹீட் கன் எடுக்காதீர்கள், அதன் காற்று பல நூறு டிகிரி, ஏபிஎஸ் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். புதுப் பெசலையும் வேலைக்கு முன் நல்ல வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருங்கள். குளிர்ந்த கிடங்கிலிருந்து எடுத்து வந்து நேராக மாட்டக் கூடாது.

சுற்றியுள்ள டேஷ்போர்டு ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கீழ் மூலை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். டிரிம் டூலை எங்கே நுழைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் சட்டம் வில்லாக வளையும், இரண்டு கிளிப்பும் அப்படியே இருக்கும், நடுவில் டப்பென்று போகும். கிளிப் உள்ள இடத்தை ஒட்டியே நெம்ப வேண்டும். எங்கே கிளிப் என்று தெரியாவிட்டால் விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள், அசையாமல் கெட்டியாக நிற்கிற இடம் கிளிப். அந்த இடத்தில் டூலை விட்டு, உங்களை நோக்கி நேராக, கிளிப் நுழைந்த திசையிலேயே வெளியே கொண்டுவாருங்கள். முதல் கிளிப் விட்டதும் உற்சாகத்தில் மொத்தத்தையும் இழுத்துவிடத் தோன்றும், கூடாது. 5 மில்லிமீட்டர் வந்தால் போதும், அடுத்த கிளிப்புக்குப் போங்கள். ஒரு பக்கத்தைக் கதவு திறப்பது போல மடக்கினால் மறுபக்க நாக்குகள் பக்கவாட்டில் முறியும். மேல் ஓரத்தில் கிளிப்புக்குப் பதில் கொக்கி உள்ள வண்டிகள் உண்டு, அங்கே கீழ்ப்பக்கம் விட்ட பிறகு மொத்தச் சட்டத்தையும் கொக்கியின் திசையில் நகர்த்தித்தான் எடுக்க முடியும், மேலே நெம்பவே கூடாது.

பெசல் விட்டதும் உடனே வெளியே இழுக்காதீர்கள், பின்னால் வயர் இருக்கிறது. இடைவெளியில் செல்போனை விட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் முதலில் லேசாக உள்ளே தள்ளி, அப்போது லாக் தளரும், லாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரே அளவில் இரண்டு கனெக்டர் இருந்தால் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

வெளியே எடுத்ததும் பழைய பெசலின் பின்பக்கத்தில் கிளிப்புகளை எண்ணுங்கள். நாக்கு இருக்கிறது, உலோகக் கிளிப் இல்லை என்றால் அது டேஷ்போர்டு ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில இடத்தில் நாக்கே முறிந்து கிளிப்போடு உள்ளே நிற்கும். இதைக் கவனிக்காமல் புதுசை வைத்து அழுத்தினால், ஒரே ஓட்டையில் இரண்டு கிளிப் போக முடியாது, நீங்கள் இன்னும் பலமாகத் தட்டுவீர்கள், புதுப் பெசல் அங்கேயே கீறும். ஒவ்வொரு ஓட்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, மூக்குக் கொறடால் எடுத்துவிடுங்கள்.

புதுப் பெசல் பல நேரம் கிளிப் இல்லாமல் வெறுமனே வரும். பழையதிலிருந்து கிளிப், வென்ட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். உலோகக் கிளிப்பை நாக்கிலிருந்து நேராக உருவுங்கள், ஆட்டி ஆட்டி எடுத்தால் அதன் பற்கள் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். புதுசில் மாட்டும் முன் கிளிப்பின் இரண்டு கால்களையும் கொறடால் ஒரு மயிரிழை உள்பக்கம் அழுத்தினால் நுழைவதற்குத் தேவையான பலம் குறையும். ரொம்ப அழுத்திவிட்டால் பிடிக்காது, ஒரு கிளிப்பை ஓட்டையில் தனியாக நுழைத்துப் பார்த்து அளவு தெரிந்துகொள்ளுங்கள். டேஷ்போர்டோடு உரசும் ஓரத்தில் மெல்லிய துணி டேப் ஒட்டினால் கரடுமுரடான பாதையில் கிறீச் சத்தம் வராது. பாதையே இல்லாத இடத்தில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயம் என்றுதான் சொல்வேன்.

மீட்டர் கண்ணாடி திறந்திருக்கும்போது துடைக்க ஆசை வரும். அது பிளாஸ்டிக், காய்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் கீறும். மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றி எடுங்கள். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

மாட்டும்போது கனெக்டர்கள் முதலில், பிறகு மேல் கொக்கிகள், பிறகு கிளிப்புகள். கிளிப் எல்லாம் அதனதன் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா, வயர் எதுவும் நடுவில் சிக்கவில்லையா என்று பார்த்துவிட்டு, கிளிப்பின் நேர் மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். கிளிக் என்று கேட்கும். கேட்கவில்லை, ஓரத்தில் இடைவெளி நிற்கிறது என்றால் நிறுத்துங்கள், மேலும் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். கிளிப் கோணலாக இருக்கும், இல்லையென்றால் வயர் இருக்கும்.

ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் முதலில் கையால் பாதி வரை ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக முடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் நேராக இறங்கும் ஸ்க்ரூவாக இருந்தால், முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், பழைய மரையில் டக்கென்று விழுவது கைக்குத் தெரியும், அதன் பிறகு முடுக்கினால் புது மரை வெட்டாது. தலை பெசலைத் தொட்டதும் இன்னும் துளி முடுக்கினால் போதும். கழன்று வரக் கூடாதே என்று திரெட் லாக்கர் போடாதீர்கள், அந்தத் திரவம் ஏபிஎஸ்ஸில் பட்டால் நாளாவட்டத்தில் அங்கேயே கீறல் விடும்.

பேட்டரியை மாட்டி, கியரைப் பார்க்கிங்குக்குக் கொண்டுவந்து, சாவியை ஆன் செய்யுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். ஹெட்லைட், டிம்மர், வென்ட் மூடித் திறப்பது, ரேடியோ எல்லாம் பாருங்கள். ஃபோர் வீல் ஸ்விட்ச்சின் விளக்கு சரியான நிலையைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, கட்டைகளை எடுத்து, மண் தரையில் கொண்டுபோய் ஃபோர் ஹையில், அதாவது நான்கு சக்கரமும் ஓட்டும் நிலையில் போட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் அந்தச் சோதனை வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர் வீல் அமைப்பு, வண்டி திரும்பும்போது இறுகிக்கொள்ளும்.

பழைய பெசலைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பின்பக்கம் ஏபிஎஸ் என்று அச்சாகி இருந்தால், அதிலிருந்து சின்னத் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் குழைவாக்கி, புதுசில் என்றாவது ஒரு நாக்கு முறிந்தால் அதை ஒட்டலாம், ஒரே பிளாஸ்டிக் என்பதால் உருகிச் சேரும். மேல் பக்கத்தில் மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது, பட்ட இடம் உருகித் தழும்பாகிவிடும். பிபி என்று அச்சாகி இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், அசிட்டோனில் கரையாது, சாதாரணப் பசையும் பிடிக்காது.