ஹெர்பிஸ் மூளை அழற்சியில் மரபணுவின் பங்கு: ஸ்டெம் செல்லில் சோதிக்கும் முறை

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்-1 நம்மில் பெரும்பாலோர் உடலில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மிகச் சிலருக்கே அது மூளைக்கு ஏறுகிறது. அப்படிப்பட்ட சில குழந்தைகளிடம் வைரஸ் நுழைந்ததை உணரும் புரதத்துக்கான டிஎல்ஆர்3 மரபணுவில் பழுது இருப்பது 2007-இல் தெரியவந்தது. 2012-இல் நோயாளிகளின் தோல் செல்லை ஐபிஎஸ் செல்லாக்கி (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்), அதிலிருந்து வளர்த்த நியூரானில் வைரசை விட்டபோது, நியூரான்கள் எளிதில் வீழ்ந்தன. அதே சோதனையை நீங்கள் செய்வதற்கான வழி இது. உயிர்ப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகமும் நெறிமுறைக் குழு அனுமதியும் கட்டாயம்.

வைரசைத் தொடுவதற்கு முன்புதான் பாதி வேலை. ஆரோக்கியமான ஒருவரின் செல்லோடு மட்டும் ஒப்பிட்டால், இருவருக்கும் இடையே உள்ள லட்சக்கணக்கான மரபு வேறுபாடுகளில் எது காரணம் என்று சொல்ல முடியாது. நோயாளியின் செல்லிலேயே மரபணு வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பர் கொண்டு பழுதைத் திருத்திய இணைக் குளோன்கள் தேவை. திருத்தியது, திருத்தாதது என ஒவ்வொரு வகையிலும் குறைந்தது இரண்டு குளோன். திருத்தம் வெற்றி என்று டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் காட்டினாலும் உடனே நம்பவேண்டாம். ஒரு பிரதியில் பெரிய துண்டு அறுந்துபோயிருந்தால் மற்றப் பிரதி மட்டுமே பெருகி, இரண்டும் சரியானதுபோலத் தெரியும். அருகில், இரு பிரதிகளிலும் வெவ்வேறு டிஎன்ஏ எழுத்து உள்ள இடம் ஒன்று இன்னும் இருவேறாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

குரோமோசோம் 20-இன் 20q11.21 பகுதி இரட்டித்த செல்கள் சாவைத் தாக்குப்பிடிக்கும். அவை கலந்தால் உங்கள் முடிவே பொய். ஐபிஎஸ் செல்லாக மாற்றும் மரபணுக்களைச் சென்டாய் வைரஸ் மூலம் செலுத்தி உருவாக்கிய செல் வரிசையானால், 10 பாசேஜுக்குப் பின் (புதிய தட்டுக்கு 10 முறை மாற்றிய பின்) அதன் ஆர்என்ஏ அறவே இல்லை என்று உறுதிசெய்யுங்கள். செல் வளர்ப்பைக் கெடுக்கும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா சோதனையும் வேண்டும்.

ஐபிஎஸ் செல்லிலேயே நேரடியாக வைரசை விடுவது வீண். அந்த நிலையில், வைரசை எதிர்க்கச் செல் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானின் எதிர்வினை மிகவும் மந்தம். செல்லை நரம்புப் பாதைக்குத் திருப்பும் இரு வேதிப்பொருள்களை, எஸ்பி431542 10 மைக்ரோமோலார், எல்டிஎன்193189 100 நானோமோலார் என்ற அளவில் சேர்த்து 10–12 நாள் வளர்த்து நரம்பு முன்னோடிகளைப் பெறுங்கள். பிறகு குறைந்தது 30 நாள் முதிரவிடுங்கள். நியூரானின் அடையாளப் புரதமான எம்ஏபி2-க்குச் சாயமேற்றி, இரு வரிசையிலும் நியூரான் விகிதம் ஒத்திருக்கிறதா என்று எண்ணுங்கள்.

வைரஸ் அளவை வீரோ (குரங்குச் சிறுநீரகச்) செல்லில் பிளேக், அதாவது வைரஸ் செல்லைக் கொன்ற வெற்றுத் திட்டு, எண்ணி அறியலாம். 1 லட்சம் நியூரானுக்கு எம்ஓஐ (ஒரு செல்லுக்கு எத்தனை தொற்றும் வைரஸ் என்ற விகிதம்) 0.1 என்றால் 10,000 பிளேக் அலகு. இருப்பு மில்லிலிட்டருக்கு 1 கோடி அலகானால் அது 1 மைக்ரோலிட்டர். அவ்வளவு சிறிதாக உறிஞ்சாமல் 100 மடங்கு நீர்த்து 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். எம்ஓஐ 5, 10 என்று ஏற்றினால் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் தொற்றி, இன்டர்ஃபெரான் வேலைசெய்ய இடமே இருக்காது, வேறுபாடு மறைந்துவிடும். 37 டிகிரியில் 1 மணி நேரம் கழித்து வைரசை எடுங்கள். மீடியத்தை முழுதாக உறிஞ்சினால் நியூரான்கள் தகடாக உரிந்துவரும். பாதி பாதியாக மாற்றுங்கள்.

தொற்றிய 2, 12, 24, 48 மணி நேரத்தில் மாதிரி எடுத்து பிளேக் எண்ணிக்கையையும் இன்டர்ஃபெரான்-பீட்டா ஆர்என்ஏவையும் அளவிடுங்கள். அளவை ஒப்பிட நிலையான மரபணுவாக வழக்கமான ஜிஏபிடிஎச் வேண்டாம்: இந்த வைரஸ் செல்லின் தூது ஆர்என்ஏவையே சிதைக்கும். ரைபோசோமின் 18எஸ் ஆர்என்ஏ பாதுகாப்பானது. ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனை அல்ல. தனித்தனியாக மூன்று முறை நியூரான் வளர்த்தால்தான் மூன்று.

தனியாக, டிஎல்ஆர்3-ஐத் தூண்டும் செயற்கை ஆர்என்ஏவான பாலி ஐசியை, செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் கொழுப்புக் கடத்தி இல்லாமல் மீடியத்தில் சேருங்கள். கடத்தி கலந்தால் வேறு உணரிகள் விழித்துக்கொள்ளும். கடைசியாக, சில குழிகளில் முந்தைய இரவே இன்டர்ஃபெரான்-பீட்டா விட்டுப் பாருங்கள். நோயாளியின் நியூரான் அதனால் தப்பினால் குறை இன்டர்ஃபெரான் உற்பத்தியில். தப்பாவிட்டால், அதற்கு அடுத்த கட்டத்தில், ஏற்பியிலோ அதன் சமிக்ஞையிலோ தேடவேண்டும்.